குளோரோஃபார்முக்கு முன் எட்டு இட்லி

என்னை மடையன் என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஊரில் பலரும் ஏற்கெனவே சொல்லிவிட்டதால் அதில் புதுமையும் கிடையாது. ஆனால் எட்டு இட்லியை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, மயக்க மருந்துக்கு மூக்கை நீட்டிய மடையன் மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது வில்லாபுரத்தில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை. வலது கீழ்த்தாடையில் கடைசிப் பல் ஒன்று நேராக முளைக்காமல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. அது சுகமாகப் படுத்ததிலிருந்து என்னால் படுக்க முடியவில்லை. கிராம்பும் உப்புத் தண்ணீரும் தோற்றுப்போயின. கன்னம் வீங்கி, நான் போர்டில் வரைந்த பூசணிக்காயும் நானும் ஒரே ஜாடையாகிவிட்டோம். எதைப் பார்த்து வரைவது என்று பையன்கள் குழம்பினார்கள்.

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஈறில் ஊசி போட்டு, மரத்துப்போனதும் எடுத்துவிடலாம் என்றார். எனக்கு ஊசி என்ற சொல்லே ஆகாது. திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஒரு மனிதர், குளோரோஃபார்ம் கொடுத்துத் தன் வயிற்றையே கிழித்தார்கள், கொசு கடித்த மாதிரிகூட இல்லை என்று சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டியிருந்தார். எனக்கும் அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

"தூங்க வைக்கிறது லேசு. எழுப்புறதுதான் வேலை" என்றார் டாக்டர்.

இருந்தாலும் எலும்பைக் கொஞ்சம் செதுக்க வேண்டியிருக்கும் என்பதால் கடைசியில் சம்மதித்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஆடுகிற பல், கட்டின பல் ஏதும் உண்டா என்று வாயைக் குடைந்து பார்த்தார். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள், ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

அங்கேதான் என் மூளை குறுக்கே வந்தது. எங்கள் வீட்டில் மாதாமாதம் கிருத்திகை விரதம். அன்றைக்கு நான் ஒன்றும் சாப்பிடுவதில்லை. அதாவது, சோறு சாப்பிடுவதில்லை. இட்லி, உப்புமா, ஆப்பமெல்லாம் பலகாரம். அவற்றைச் சாப்பாட்டில் சேர்க்கிற வழக்கம் எங்கள் தெருவிலேயே இல்லை. இத்தனை வருஷமாக முருகனே ஒத்துக்கொண்ட ஏற்பாட்டை ஒரு பல் டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டாரா? ஆகவே மறுநாள் காலையில், வலிக்காத பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி, எட்டு இட்லியையும் சாம்பாரில் ஊறிய இரண்டு வடையையும் இறக்கினேன். தெம்புக்குக் கொஞ்சம் கேசரி.

டாக்டர் என்னை மேஜையில் படுக்க வைத்து, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். விரதமுங்க என்றேன். சொல்லும்போது குரலில் ஒரு பக்திகூட இருந்தது.

அவருடைய கம்பவுண்டர் சௌராஷ்டிரர். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நூல் இழையைத் தொட்டுப் பழகிய விரல்கள், நாடி பிடித்தால் நழுவாது. அவருக்கு ஒரு பழக்கம். நோயாளி சொன்ன பதிலை அப்படியே நம்பாமல், கூட வந்தவரிடமும் ஒரு தரம் கேட்டுவிடுவார். வெளியே பெஞ்சியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். என் விரதத்தை ஒருவர் சந்தேகப்படுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் சொன்னது உள்ளே எனக்கே கேட்டது.

"அவுக சோத்துப் பருக்கையைக் கூடத் தொடலீங்க. எட்டு இட்லி, ரெண்டு வடை, கொஞ்சம் கேசரி. அம்புட்டுத்தேன்."

கம்பவுண்டர் உள்ளே வந்து, மருந்துக் குப்பியை மூடினார்.

டாக்டர் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வருமாம். தொண்டையும் நம்மோடு சேர்ந்து தூங்குவதால், வந்தது மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமாம்.

"ஒரு வடைத் துண்டு போதும் சார். உங்க சம்சாரம் தனியாத்தான் வீட்டுக்குப் போயிருப்பாங்க."

கதவோரம் நின்ற அவள் அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதே ஊசியா, நாளைக்கு நிஜமான வெறும் வயிறா என்று டாக்டர் கேட்டார். ஊசியைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். நாளைக்கு என்றேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் என் மனைவி எனக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, அடுக்களையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். காலையில் காப்பிகூட இல்லை. குதிரை வண்டி தெற்குவாசல் வழியாகப் போனபோது, மதுரையில் இருக்கிற அத்தனை இட்லிக் கொப்பரைகளையும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி இருந்தது. நான் ஆவியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பேசாம ஊசியே போட்டுக்கிருங்களேன்" என்றாள், வண்டி நிற்கிற சமயத்தில். அவள் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் ஊசிக்குப் பயந்தவன் என்ற பட்டத்தைவிட, மயக்கத்தில் போனவன் என்ற பட்டம் கொஞ்சம் கௌரவமாகத் தோன்றியது. மடையனுக்குக் கௌரவம் அதிகம்.

இந்தத் தடவை டாக்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார். தண்ணிகூடக் குடுக்கலீங்க என்று அவள் சாவியைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்.

மூக்குக்கு மேல் துணி போட்ட கம்பிக் கூண்டு வந்தது. இனிப்பாக ஒரு வாடை. ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. கம்பவுண்டரின் விரல் என் மணிக்கட்டில் இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். அந்த வடைத் துண்டை நினைத்துக்கொண்டே எண்ணத் தொடங்கினேன்.

கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது அவள் முகம். முந்தானையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பினாள். என் வாய் நிறையப் பஞ்சு. தகரத் தட்டில் அந்தப் பல், அப்போதும் சாய்ந்தே கிடந்தது. கம்பவுண்டர் இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை.

தழும்பைக் காட்டிய பஸ் மனிதர், தான் ஐம்பது வரைக்கும் எண்ணியதாகச் சொல்லியிருந்தார். போன மானத்தில் கொஞ்சமாவது மனைவி எதிரில் மீட்டுக்கொள்ளலாம் என்று, நான் எம்புட்டு வரைக்கும் எண்ணினேன் எனப் பஞ்சுக்கு நடுவே கம்பவுண்டரைக் கேட்டேன்.

"எட்டு வரைக்கும், அப்புறம் சட்னி கேட்டீங்க."