பல்லால் கவ்விய பறி

நனைந்த பனையோலையும் ஏரிச்சேறும் கலந்த வாடை அம்மாவின் கூடையில் எப்போதும் இருக்கும்; எனக்குப் பத்து வயதான அந்த வருடம் அதன் விளிம்பில், அவள் பல்லால் கவ்வும் இடத்தில், ரத்தக் கறையும் தெரிய ஆரம்பித்தது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள், "பறி" என்கிற அந்தச் சின்ன ஓலைக்கூடையை வாயில்தான் பிடித்துக்கொள்வார்கள். "எறா தடவுறது" என்று அந்த வேலைக்குப் பேர். மெட்ராஸுக்கு வேலை தேடிப் போன நைனா திரும்பி வராததால், எங்கள் இருவருக்கும் சோறு போட்டவை அம்மாவின் முன்பற்கள் என்றே சொல்லலாம்.

ஈறு சிவந்து வீங்கியது. சாம்பல் தொட்டுத் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று அவள் பல் தேய்ப்பதையே விட்டுவிட்டு, வெறும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். வாய் நாற ஆரம்பித்தது. கூட வேலை செய்த ரோஸியக்கா, "இன்னாமா இப்டி நாறுது, கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மா வரிசையின் கடைசிக்குப் போனாள். பிறகு பேச்சையே குறைத்தாள். வீட்டிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போட்டாள். நைனாவின் ஜாடை எனக்கு இருப்பதால்தான் என்னைப் பிடிக்கவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் டச்சுக்காரர் கல்லறைக்குப் போய், வாசலில் கல்லில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளிடம் அன்றைய கதைகளைச் சொல்லுவேன்.

ஒருநாள் தண்ணீரில் நிற்கும்போதே அவளுடைய கீழ்ப்பல் சாய்ந்து, பறி நழுவி, பிடித்த இறாலெல்லாம் ஏரியோடு போயிற்று. ரோஸியக்காதான் அவளைக் கரைக்குக் கூட்டிவந்து, "பொன்னேரி ஆஸ்பத்திரில பல்லு டாக்டர் கீறாங்க, போய் காட்டு" என்றாள்.

டாக்டரம்மா இளவயதுக்காரி. பல்லில் படிந்த அழுக்கு கல்லாக இறுகி ஈறுக்குள் இறங்கிவிட்டது என்றாள்.

"ரத்தம் வருதேன்னு தேய்க்காம விட்டீங்க, அதுல இன்னும் ஏறிடுச்சு. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பையே கரைச்சிருக்கு."

"சுத்தம் பண்ணா மிச்சப் பல்லும் ஆடும்னு சொல்றாங்களே?" என்று அம்மா முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்.

"சுத்தம் பண்ணாம விட்டாத்தான் எல்லாம் போகும். கரைஞ்ச எலும்பு திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஆனா முன்னாடி ரெண்டு பல்லை எடுத்துத்தான் ஆகணும்."

"அதை எடுத்துட்டா பறியை எதால கவ்வுறது?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். அன்றே அந்த இரண்டு பல்லையும் எடுத்தார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவளிடம், "எம்மேல இன்னாமா கோவம்?" என்று கேட்டேன். அம்மா அதிர்ந்துபோய்ப் பார்த்தாள்.

"கோவமா? வாய் நாத்தம் உன்மேல படக்கூடாதுன்னு திரும்பிக்கினேன் கண்ணு." என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்.

மறுபடி மறுபடி பொன்னேரிக்குப் போனோம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியிலிருந்த கல்லைப் பகுதி பகுதியாகச் சுரண்டி எடுத்தார்கள். மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு வேளையும் தேய்க்கச் சொன்னார்கள். வீக்கம் வடிந்தது, ரத்தம் நின்றது, நாற்றமும் போயிற்று. பறியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அது மிதந்து கைக்குக் குறுக்கே வந்ததால் மற்றவர்களைவிட எப்போதும் பின்தங்கியே வந்தாள். என்னிடம் ஓயாமல் பேசினாள். ஆனால் கரையில் பெண்கள் கூடிச் சிரிக்கிற இடத்துக்கு மட்டும் போகவே இல்லை. அவள் இல்லாமல் இருக்க அவர்களும் பழகியிருந்தார்கள்.

அந்தக் கரையில் இப்போது அந்த வரிசை இல்லை. ரோஸியக்காவின் மகள்கள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், மீந்த பற்கள் பெரும்பாலும் அப்படியே இருக்க. சென்ற மாதம் பல் தேய்க்கையில் எனக்கும் ரத்தம் வந்தது. அன்றே டாக்டரிடம் போனேன். ஆரம்பம்தான் என்று ஒரே தடவையில் சுத்தம் செய்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். வலித்ததா என்று கேட்க உள்ளே யாரும் இல்லை.