திருப்பிக் கொடுக்கப் போன பெயர்

எங்கள் நான்காம் வகுப்பில் மூன்று பிரியதர்ஷினிகள் இருந்தார்கள். டீச்சர் அவர்களை இனிஷியலை வைத்துத்தான் பிரித்துக் கூப்பிடுவார். நான்காவது பிரியதர்ஷினியாக ஆகிவிட வேண்டும் என்பதே ஒன்பது வயதில் எனக்கிருந்த ஒரே லட்சியம். என் பெயர் நிலோபர்.

தாயில்பட்டியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பட்டாசுக் கம்பெனி வேலைதான். பெண்பிள்ளைகளின் பெயர் முத்துமாரி, பேச்சியம்மாள், கொஞ்சம் நாகரிகமான வீடுகளில் ஹர்ஷினி, வர்ஷினி. நிலோபர் நான் ஒருத்திதான். அப்பாவின் அண்ணனான பெரியப்பா அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை; குலசாமி பெயரை வைக்காத கோபத்தில் என்னை ‘ஏ புள்ள’ என்றே கூப்பிட்டார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் முதலெழுத்தை விழுங்கிவிட்டு ‘லோபர்’ என்றார்கள். சினிமாவில் வில்லனைத் திட்டுகிற வார்த்தை என்பதற்கு மேல் அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. அழுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பெயர் வந்த கதை எனக்கு மனப்பாடம். நான் பிறந்தது விருதுநகர் ஆஸ்பத்திரியில். பிரசவத்தில் அம்மாவுக்கு ஜன்னி கண்டு மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாளாம். நான் பாலுக்குக் கத்திய கத்தலில், பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மா, ‘அந்தப் பிள்ளய இங்கன கொண்டாங்க’ என்று வாங்கித் தன் பாலைக் கொடுத்தாராம். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். அம்மா கண் விழித்ததும், ‘நீங்களே ஒரு பேரு வைங்கக்கா’ என்று கேட்டிருக்கிறாள். அவர் என்னை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, நிலோபர் என்று சொன்னாராம். பெரியப்பா குதித்தபோது, ‘அந்தக்கா இல்லன்னா இவளே இல்ல. பேர மாத்தணும்னா என்னயும் மாத்திக்கோங்க’ என்று அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்தது.

அவரை நாங்கள் விருதுநகர் பெரியம்மா என்போம். ஆனால் நான் பார்த்ததில்லை. வருஷா வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும், விரலிடுக்கில் அலுமினியப் பவுடரின் வெள்ளிநிறம் போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, அம்மா மட்டும் போய்வருவாள். வரும்போது எனக்கு ஒரு புதுப் பாவாடை சட்டை கொண்டுவருவாள். பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும் என்பதால்தான் கூட்டிப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் புதிதாக வந்த டீச்சர் ஏதோ படிவம் நிரப்பும்போது நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பா பேரு இப்பிடி இருக்கு, உன் பேரு அப்பிடி இருக்கு. ஒண்ணு அவரு பேரு தப்பு, இல்ல உன் பேரு தப்பு.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். வகுப்பே சிரித்தது. மூன்று பிரியதர்ஷினிகளும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் மாமாவிடம் போனேன். அம்மாவின் தம்பியான மாமா சிவகாசியில் லேபிள் அடிக்கிற அச்சாபீசில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் முதன்முதலில் நெட் உள்ள போன் வாங்கியவர் அவர்தான். என் பெயரைத் தட்டித் தேடினார். பிள்ளைகளுக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கான ஏதோ பக்கம் வந்தது.

“பாரசீகப் பேராம். தண்ணியில பூக்குற ஆம்பல் பூவுன்னு அர்த்தமாம். நல்லாத்தான இருக்கு?”

“வேற என்ன போட்டிருக்கு?”

“எம்புட்டு பேரு வச்சிருக்காகன்னு போட்டிருக்கு.” கண்ணைச் சுருக்கிப் படித்தார். “அபூர்வம்.”

“அபூர்வம்னா?”

“யாரும் அவ்வளவா வைக்கிறதில்ல.”

பெட்டிக்கடையில் ஒருத்தரும் வாங்காமல் தூசி படிந்து தொங்குகிற சாமான்கள் என் நினைவுக்கு வந்தன. என் பெயரும் அந்த ரகம்தான் என்று ஊர்ஜிதமாகிவிட்டது. மாமா கூகுளில் பிரியதர்ஷினியைத் தேடியிருந்தால் பக்கம் பக்கமாக வந்திருக்கும்.

பின்னாளில் கல்லூரியில் தமிழ் படிக்கும்போது, எங்கள் பேராசிரியை வேறொரு பாடத்துக்கு நடுவில் சொன்னார்: நீலோற்பலம் என்று நம் புலவர்கள் பாடிய நீலக் குவளையின் பெயர்தான் பாரசீகத்துக்குப் போய், அங்குள்ளவர்கள் வாயில் உருண்டு நிலோபர் ஆனது என்று. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அது பத்து வருஷம் தாமதமாக வந்த செய்தி. அப்போதே தெரிந்திருந்தால் நான் விருதுநகரில் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

தீபாவளி கழிந்து அம்மா கிளம்பும்போது, “இந்த வருஷம் நீயும் வா. பெரியம்மா கூட்டிட்டு வரச் சொல்லிருக்காக” என்றாள். நான் உடனே தலையாட்டினேன். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. பெயரைக் கொடுத்தவர் அவர்தானே, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. பஸ்ஸில் வாந்திகூட எடுக்காமல், சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன்.

வத்தல் நெடி சூழ்ந்த தெரு. தும்மிக்கொண்டே நடந்தேன். வாசலில் ஒல்லியாக, வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அம்மாவை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். அம்மாதான், “நல்லாருக்கீகளாக்கா?” என்று கேட்டாள்.

“வந்துட்டியா நிலோபர்?” என்றார் அவர். அம்மாவுக்கு அல்ல, எனக்கு.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்தேன். உள்ளே போய் உட்காரக்கூட இல்லை.

“பெரியம்மா, உங்க பேர நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு வேண்டாம்.”

அம்மாவின் கை ஓங்கியது. பெரியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடிக்காதீக தங்கச்சி. பிள்ள மனசுல உள்ளதச் சொல்லுது.”

பிறகு என் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தார். “ஏம்மா வேண்டாம்?”

“எல்லாரும் லோபர்ங்காங்க. டீச்சர் தப்பான பேருன்னு சொன்னாக. மாமா போன்ல பாத்தாக, யாருமே இந்தப் பேர வைக்க மாட்டாகளாம்.”

“யாருமே வைக்கலையாமா?”

“ஆமா. அபூர்வம்னு போட்டிருக்கு.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போனார். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். உள்ளே பானையிலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார்.

“சரி. உனக்கு வேற என்ன பேரு வேணும்?”

“பிரியதர்ஷினி.”

“பிரியதர்ஷினி” என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “நல்ல பேருதான். அப்ப ஒண்ணு செய்வோம். இந்தப் பேர இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வச்சுக்க. சாயங்காலம் பஸ் ஏறும்போது குடுத்துட்டுப் போ. சரியா?”

நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன்.

அன்று மதியம் நெய்ச்சோறும் கோழிக் குழம்பும் ஆக்கியிருந்தார். அவர் மகன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து சாப்பிட வந்த பெரியம்மாவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “எங்க மார்க்கத்துல பால் குடுத்த பிள்ள பெத்த பிள்ள மாதிரிதான், தெரியுமா?” என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து சாப்பிட்டுப் போய்விட்டார்.

பெரியம்மா விசித்திரமான கேள்விகளாகக் கேட்டார். எந்தப் பல் முதலில் விழுந்தது? எந்த மாசம் நடந்தாய்? இடது கையில்தான் சாப்பிட வருமா, வலது கையா? இருட்டென்றால் பயமா? கதவோடு நிற்கவைத்து என் தலை எதுவரை வருகிறது என்று பார்த்தார். பின்னலைப் பிரித்து எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை போட்டார். திருப்தி இல்லாமல் அதை அவிழ்த்து மறுபடி போட்டார். அம்மா இப்படியெல்லாம் என்னை உட்காரவைத்ததில்லை. அவளுக்கு சீசன் நேரத்தில் சொந்தத் தலையை வாரவே பொழுதிருக்காது. எனக்குச் சுகமாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை அவரும் வந்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

“பெரியம்மா, பேரு!”

“நல்ல பிள்ள, மறக்காமக் கேக்குதே” என்றார் அவர். ஜன்னல் கம்பியோடு சேர்த்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். “கையில வச்சுக்க. அடுத்த தடவ வரும்போது வாங்கிக்கிறேன்.”

பஸ் நகர்ந்தது. பெரியவர்கள் பேச்சு மாறுவார்கள் என்று எனக்குக் கோபம். அம்மா சாத்தூர் வரும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெரியம்மா முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன், அதனால் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த தடவையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை, அதற்கடுத்த தடவையும் இல்லை. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போனபோது, பெயர் அழகாக இருக்கிறதே என்று ஒருத்தி சொன்னாள். அதன்பிறகு நானும் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், சர்ட்டிபிகேட்டில் பெயரை மாற்ற வேண்டுமென்றால் இப்போதே மாற்றிக்கொள் என்று அம்மாதான் பேச்சை எடுத்தாள். நான் வேண்டாம் என்ற பிறகுதான் மீதிக் கதையைச் சொன்னாள்.

நான் பிறந்த அதே ராத்திரி பெரியம்மாவுக்கும் ஒரு பெண் பிறந்திருக்கிறது. எட்டாம் மாதக் குழந்தை. விடியும்வரை இருந்ததாம். மகனுக்குப் பிறகு ஆறு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. பெண் என்றால் நிலோபர் என்று மாசக்கணக்காகச் சொல்லிவைத்திருந்தார்களாம். துணைக்கு இருந்த நாத்தனார் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னது இது. பெரியம்மா தன் வாயால் அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ‘பிள்ளய இப்பக் கூட்டிட்டு வராதீக தங்கச்சி, எனக்குத் தாங்காது. தாங்கும்போது நானே சொல்றேன்.’ தாங்கும் என்று சொல்ல அவருக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. நான் போய் வாசலிலேயே வைத்து, இந்தாங்க உங்க பேரு என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் பால் கொடுத்தார் என்ற கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன். அவரிடம் பால் இருந்தது என்றால் அந்தப் பாலுக்குரிய பிள்ளை எங்கே என்று கேட்க எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

இப்போது அதைவிட அதிகமாக நினைவுக்கு வருவது அந்த மதியம்தான். அவர் அடுப்படியில் இருப்பார், நான் கூடத்தில் இருப்பேன். “நிலோபர்” என்பார். “என்ன பெரியம்மா?” என்பேன். “ஒண்ணுமில்லம்மா” என்பார். சற்றுக் கழித்து மாடிப்படியிலிருந்து மறுபடியும், “நிலோபர்!” போய் நிற்பேன். “ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்.” சாயங்காலத்துக்குள் இருபது தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய் நின்றேன். நிற்க நிற்க எரிச்சல்தான் வந்தது. சும்மா கூப்பிட ஒருவருக்கு அவ்வளவு ஆசை இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.