என்னிடம் ஏதோ மறைத்தார்கள்

ஒன்றரை வயதாகியும் என் மகன் நடக்கவில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸி அவன் கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தார். "எந்நேரமும் இடுப்பில வெச்சிருந்தா எப்பிடி நடப்பான்? இன்னும் ஒரு மாசம் பாப்பம். நடக்காட்டி மறுகா பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாறன்" என்றார்.

நான் விடியவே கார்மென்ட் ஃபாக்டரி பஸ்ஸில் ஏறி, பொழுதுபடத் திரும்புகிறவள். கணவர் கட்டாரில். பகலில் காசுக்குப் பிள்ளை பார்த்த பெண் அவனை இடுப்பைவிட்டு இறக்கியதே இல்லை. மிஸ்ஸிதான் எங்கள் ஒழுங்கையில் மூன்று தாய்மாரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தார். நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, சின்னப்பிள்ளைகளை மணலில் இறக்கி விளையாடவிட வேண்டும். என் மகனையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் நல்ல விஷயம் என்றார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஊரான் பிள்ளையை எவள் சும்மா பார்ப்பாள்?

இரண்டாம் கிழமை அவன் நெற்றி வீங்கியிருந்தது. அந்த மூவரில் ஒருவரான எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"தவண்டு போகக்குள்ள முட்டினவன் புள்ள. ஒண்டுமில்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

தவழுகிற பிள்ளைக்கு இவ்வளவு பெரிய வீக்கமா? பிள்ளையை எடுக்க நான் வேலிப் படலையைத் திறந்தாலே அவர்களின் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் அக்காவின் நாலு வயது மகள் ஓடிவந்து, "மாமி, தம்பி இண்டைக்கு..." என்று தொடங்கினாள். அக்கா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார்.

"சொல்லப்படாது எண்டனான்தானே!"

எனக்குப் பற்றி எரிந்தது. விழுத்திப்போட்டு மறைக்கிறாளுகள். எலும்பில் அடிபட்டிருந்தால் இனி எப்படி நடப்பான்? இந்தக் கிழமையோடு வேலையும் வேண்டாம், இவர்களின் முறையும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் ஃபாக்டரியில் கரண்ட் இல்லாமல் மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன். அக்கா வீட்டுப் படலைக்குப் போகாமல் தகரவேலி இடுக்கில் கண்ணை வைத்தேன்.

என் மகன் நடந்துகொண்டிருந்தான்.

மூன்று பெண்களும் வட்டமாக மணலில் இருக்க, ஒருத்தியிடமிருந்து மற்றவளிடம் தத்தித் தத்திப் போனான். அக்கா சொல்வது கேட்டது: "இப்ப விழாம நடக்கிறான். இண்டைக்கு அவள் வந்தோன விடுவம். நாம முன்னமே பாத்தது ஒருத்தருக்கும் தெரியப்படாது. பெத்தவள்தான் முதல் பாக்கோணும்."

வெட்கத்தில் உடம்பு கூசியது. சந்திக் கடைக்குப் போய், பஸ் வரும் நேரம்வரை மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

வழக்கமான நேரத்துக்குப் படலையைத் திறந்தேன். அவனை முற்றத்தின் நடுவில் நிற்கவிட்டார்கள். முழங்காலூன்றிக் கைகளை நீட்டினேன். என்னை நோக்கி மூன்றடி வைத்தான். பிறகு திரும்பி, பழகிய பக்கமாக, அக்காவிடம் நடக்கத் தொடங்கினான்.

என் கைகள் நீட்டியபடியே இருந்தன. அக்கா பதறி எழும்பினார். முற்றத்தைச் சுற்றி ஓடிவந்து, என் முதுகுக்குப் பின்னால் குந்திக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்.

"வாடா மனே, இஞ்சால வா."

அவன் வந்தான். நான் பிடித்துக்கொண்டேன்.