கவுன்சிலர் அறையில் தைல வாசனை

மகளின் பள்ளியில், பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்கும் கவுன்சிலரின் அறைக் கதவைத் திறந்ததும் தைல வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே நாச்சாரத்தில் நான் ஏழாம் வகுப்பு படித்த காலத்துக்குப் போய்விட்டேன்.

கணக்கு வகுப்பு வந்தாலே எனக்கு வயிறு வலிக்கும். தப்பாகப் போட்டால் சார் பெஞ்சு மேல் ஏற்றி, வகுப்பையே கை தட்டச் சொல்வார். வலிக்கிறது என்றால் பள்ளியில் தைலம் தேய்த்துவிடுவார்கள். வீட்டில் அம்மா ஓமத்தண்ணீர் கொடுப்பாள். மல்லாபூர் ஃபேக்டரியிலிருந்து வரும் அப்பா, கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "இன்னொரு டியூஷன் போட்டுடலாம்" என்பார். பாசத்துக்குக் குறைவில்லை. ஏன் வலிக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது என் மகளுக்கும் அதே வலி. கேட்டால், "குச் நை மம்மி, ஒண்ணுமில்லை" என்கிறாள். அதனால்தான் கவுன்சிலரிடம் நேரம் வாங்கி அவளையும் அழைத்து வந்தேன். அறையில் இருந்ததோ ஆயாம்மா மட்டும்.

"கவுன்சிலர் மிஸ்ஸைக் கணக்கு கிளாஸுக்கு அனுப்பிட்டாங்கம்மா. கணக்கு சார் லீவு."

"போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க?"

"கைக்கு டென்ஷன், எதுக்கும்மா கவலை? வயித்து வலிதானே, தைலம் தேச்சு விடறேன். பாப்பா கிளாஸுக்குப் போகட்டும்."

விட்டால் போதும் என்று மகள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நக்கோ, வேணாம் ஆயாம்மா, தைலத்தை மூடி வைங்க. மிஸ் வர்ற வரைக்கும் நாங்க இங்கேயே இருக்கோம்."