ஆறரைக் கட்டை

என்னிடம் பாட்டுக் கற்க வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கட்டையைப் பற்றித்தான். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடுகிறோமோ அதுவே நம் சுருதி. கட்டையின் எண் கூடக் கூடச் சுருதியும் ஏறும். இதை எனக்கு உறைக்க வைத்தவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு ஆலங்குளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணுக்குச் சங்கீதம் தெரியும் என்று அப்பா பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் காதால் கேட்டுப் பழகிய நாலைந்து பாட்டு. மாப்பிள்ளையின் அக்கா ஆர்மோனியத்தோடு வந்து இறங்கினாள். உட்கார்ந்தபோது அவள் மடியில் அவளுடைய பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“எந்தக் கட்டை வைக்கட்டும்?” என்று கேட்டாள்.

“எதுன்னாலும் சரிதாங்க்கா.”

பெண் வீட்டார் எதற்கும் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் உதட்டைச் சுழித்தாள். என் குரலுக்கு நாலு கட்டை போதும். அவள் ஆறரையை அழுத்தினாள். பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறியதும் என் குரல் கிழிந்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

“ஆரோகணம்னா என்னது?” என்றாள். ஸ்வரங்கள் ஏறும் வரிசை என்று இன்று என்னிடம் படிக்கும் சின்னஞ்சிறிசுகள்கூடச் சொல்லும். அன்று நான் அந்தச் சொல்லையே கேட்டதில்லை.

“கட்டையே தெரியாத பிள்ளைக்குச் சங்கீதம் தெரியும்னு சொல்லுதீகளே!” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். அப்பா கெஞ்சியபடியே அவர்கள் பின்னால் தெருமுனை வரை போனார்.

பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. நல்ல இடம் எதுவும் வரவில்லை. கடைசியில் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டேன். அந்த வீட்டில் மூத்தவள் விட்டுப்போன ஆர்மோனியம் ஒன்று பரணில் கிடந்தது. அதைத் துடைத்து இறக்கி, ஒவ்வொரு கட்டையிலும் அந்த ஆலங்குளத்து அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு சாதகம் செய்தேன். பக்தியால் பாடக் கற்றவர்கள் இருக்கிறார்கள். நான் வன்மத்தால் கற்றேன்.

வருஷங்கள் போயின. ஒரு சாரல் காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, “நம்ம பயலுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணு வீட்டுக்காரக குத்தாலத்துல வீடு எடுத்துத் தங்கியிருக்காக. பாட்டு எப்படின்னு நீதான் கேட்டுச் சொல்லணும்” என்றாள். ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் வரவேற்றவள் அந்த ஆலங்குளத்து அக்காவேதான். அன்று மடியில் தூங்கிய குழந்தைதான் இன்று மணப்பெண். அக்காவுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்னை மறந்தும் போயிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“எந்தக் கட்டை?” என்று பெண்ணிடம் கேட்டேன். அவள் பயத்தில் முந்தானையைச் சுருட்டினாள். அம்மாக்காரி முந்திக்கொண்டு, “நாலரை” என்றாள். என் விரல் ஆறரையின் மேல் இருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால் போதும். ஆனால் என்னை அவமானப்படுத்தியது இந்தப் பெண்ணா? விரலை நகர்த்தி நாலரையில் வைத்தேன். பெண் நன்றாகவே பாடினாள்.

“பொண்ணோட அம்மாவும் பாடுவாகன்னு கேள்வி. ஒண்ணு பாடச் சொல்லுங்களேன்” என்றேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு எப்படி மறுப்பாள்?

“எந்தக் கட்டை வைக்கட்டும்?”

“எதுன்னாலும் சரிதான்” என்றாள் பணிவாக.

ஆறரையை அழுத்தினேன். மேல் ஸ்தாயியில் அவள் குரல் கிழிந்தது. மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவள் திடுக்கிட்டு என் விரலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் என்ன சொல்லுவேனோ என்று அவள் உதடு நடுங்கியது. அதை ஆசை தீரப் பார்த்தேன்.

“பொண்ணு நல்லாப் பாடுதா. பேசி முடிச்சிரலாம்” என்றேன் பக்கத்து வீட்டு அம்மாளிடம்.

புறப்படும்போது பெண்ணின் அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்து எனக்குக் குங்குமம் வைத்தாள். குனிந்து அவள் காதோடு சொன்னேன்:

“எனக்கு நாலு கட்டைக்கா. அன்னைக்குக் கேட்டீகள்லா?”