சுரண்டிய நீலக் கோடு

இது நடந்தது. நம்பாதவர்கள் அமெரிக்காவில் ஓரிகன் பக்கம் வந்தால் அந்த வரைபடத்தையே காட்டுகிறேன். தொட மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் மேட்டுப் பாலையில் முதலில் வாய்க்கால் வெட்டியவருக்குத்தான் முதல் தண்ணீர். மழை பொய்த்த அந்த ஜூலையில் ஒரு நிலத்துக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். மெர்ல் மாமாவுக்கா, பக்கத்து நிலத்து ஆர்டிஸ் அம்மாவுக்கா? வெள்ளிக்கிழமை விசாரணை.

பழைய வரைபடம் என்றால் எனக்குப் பைத்தியம். மாமாவின் கொட்டகைப் பெட்டியில் 1914-ஆம் வருஷத்து வரைபடத்தைத் தோண்டி எடுத்தது நான்தான். எங்கள் நிலத்தைக் கடந்து ஆர்டிஸின் நிலம் வரை ஒரு நீலக் கோடு. அதுதான் வாய்க்கால். முனையில் ஒரு கறுப்புச் சதுரம். அது வீடு. எங்கள் நிலத்துக்கென்று தனி வாய்க்காலும் இல்லை, வீடும் இல்லை.

"போச்சு மாமா. அவங்கதான் மொதல்ல."

"எவன்டா பாத்தான்?" மாமா சவர பிளேடை எடுத்தார்.

"மாமா... வேணாம்."

"குதிரைமசால் தீவனம் காஞ்சா மாட்டுக்கு வரைபடத்தையா போடுவ? பேசாம காகிதத்த அழுத்திப் புடி, கோல்பி."

பிடித்தேன்.

மதியம் 2:10. கோடு முழுதும் நீலத் தூளாகிப் பறந்தது.

2:14. வெளியே சத்தம். சளக்... சளக்...

ஜன்னலுக்கு அப்பால் பழைய வாய்க்கால் தடம். நூறு வருஷமாகத் தண்ணீர் பார்க்காத மண். சத்தம் அங்கிருந்துதான்.

2:19. வாசற்படியில் ஈர பூட்ஸ் தடம். உள்ளே வந்த தடம் மட்டும்.

மாமாவின் காபிக் கோப்பையில்... சேறு.

"என்னடா கிண்டலா?"

"நான் இல்ல மாமா!"

"அந்தப் பொம்பள வேலைதான். இரு, வரேன்." மண்வெட்டியோடு போனார்.

சளக்... சளக்...

2:31. சத்தம் நின்றது.

ஓடினேன்.

வாய்க்கால் தடத்தில் குப்புறக் கிடந்தார். மண் வெடித்துக் கிடந்தது. சட்டையில் பொட்டு ஈரமில்லை.

"நுரையீரல் பூரா சேத்துத் தண்ணி," என்றார் பிரேதத்தை அறுத்த டாக்டர். "எங்கப்பா மூழ்கினாரு?"

வரைபடத்தை ஆர்டிஸிடமே கொண்டுபோனேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

"வாய்க்கால் வெட்டினது எங்க வீட்டுக்காரரோட தாத்தா, ஓட்டோ. மதகுத் தண்ணில முக்கியே கொன்னுட்டாங்க. தலைய அமுக்கினது உங்க மாமாவோட தாத்தா."

"அவர் ஒருத்தர் மட்டுமா?"

"ரெண்டு பேருப்பா. இன்னொருத்தன் சும்மா கால அழுத்திப் புடிச்சிருந்தான்."

நானே பிரித்தேன். சுரண்டிய இடத்தில் நீலக் கோடு திரும்ப வந்திருந்தது. நடுவில் புதிதாய் ஒரு கிளை. அதன் முனையில் ஒரு கறுப்புச் சதுரம்.

அந்த இடத்தில் நிற்பது என் வீடு. கட்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது.