வெள்ளையில் எழுதிய ஆயிரத்தெட்டு

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை அது. திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் ஒன்பது அறைகள் கொண்ட லாட்ஜ். முதலாளி அதற்கு முன்னால் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு அதே இடத்தில் மாடி எழுப்பினார். பௌர்ணமி அன்று மட்டும் ஒன்பது அறையும் நிறையும். மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டிலேயே புரோக்கர்கள் ஆட்களை மடக்கி, தங்களுக்குக் கமிஷன் தரும் லாட்ஜுகளுக்கு ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் சந்து வரைக்கும் யாரும் வருவதில்லை.

"புரோக்கர் கால்ல விழாம ஆள் வரணும் தம்பி. அதுக்குத்தான் உன்ன வச்சிருக்கேன்" என்றார் முதலாளி, சேர்ந்த அன்றைக்கே. "கார்த்திகைலேர்ந்து மாசி வரைக்கும் வெள்ளைக்காரங்க வர்ற சீசன். இந்த சீசனும் போச்சுன்னா லீசுக்கு உட்டுட்டு ஊட்டோட ஒக்காந்துடுவேன். மூணு லாட்ஜ் வச்சிருக்கிற ஆளு ஏற்கெனவே கேட்டுக்கினு இருக்கான்."

லீசுக்குப் போனால் என் வேலையும் போகும். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். "எம்புள்ள எழுதறத வெளிநாட்ல படிக்கிறாங்க" என்று அவர் மண்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அப்போது நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய பிரின்டர். இன்டர்நெட் போன் லைனில் வரும். நான் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் போன் எங்கேஜ் ஆகிவிடும். அறை கேட்டுக் கூப்பிடுகிறவருக்குக்கூட லைன் கிடைக்காது. "ஆள் வரவைக்கிறேன்னு வர்ற ஆளையும் வெரட்டறியே" என்று முதலாளி சிரிப்பார். முதல் மாதம் அவரால் சிரிக்க முடிந்தது.

நான் கட்டிய வெப்சைட்டின் அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் ஒரு எண் இருந்தது. தினமும் காலையில் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஏழு என்று இருந்தால் அதில் ஆறு நானே திறந்து பார்த்தது. மீதி ஒன்று முதலாளியின் மைத்துனராக இருக்கும்.

பிரவுசிங் சென்டரில் படித்துப் படித்து நான் புரிந்துகொண்டது இரண்டு விஷயம். ஒன்று, ஆட்கள் தேடி வருகிற செய்தி நம் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு, மற்றவர்களுடைய பக்கங்கள் நம் பக்கத்துக்கு லிங்க் கொடுக்க வேண்டும். அப்போதுதான் தேடுகிறவர் கண்ணில் நாம் மேலே தெரிவோம். இரண்டாவதை முதலாளிக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"நம்ம லாட்ஜ் நல்லா இருக்குன்னு நாமளே சொல்லிக்கினா யாரு நம்புவா? வெளியாளு நாலு பேரு சொல்லணும். அதாங்க லிங்க்."

"அப்ப நாலு பேர சொல்லச் சொல்லு."

"கேட்டு மெயில் போட்டுக்கினேதான் இருக்கேங்க. பதிலே வரல."

"ஏன், நம்ம லாட்ஜுல மூட்டப்பூச்சியா இருக்குது?"

பதில் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் 'குளியலறை இணைந்த அறைகள், இருபத்து நான்கு மணி நேரத் தண்ணீர்' என்பதைத் தவிர எதுவும் இல்லை. அதைப் படித்துவிட்டு யார் லிங்க் கொடுப்பார்கள்? அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதினேன். நான் பிறந்தது மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதை எங்கள் தெருவை ஒட்டித்தான் போகிறது. வெறுங்காலோடு நடந்தால் எந்த நேரத்துக்கு மேல் தார் சுடும், எந்தத் திருப்பம் வரைக்கும் புளியமர நிழல் இருக்கும், எங்கே கையில் வாழைப்பழத்தோடு போனால் குரங்கு விடாது, பௌர்ணமி இல்லாத நாளில் எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்றெல்லாம் எழுதினேன். ஆங்கிலத்தில்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு ஒரு வெளிநாட்டு அம்மாள் மெயில் போட்டார். முந்தைய வருஷம் மலை சுற்றி வந்து காலில் கொப்புளத்தோடு ஊர் திரும்பியவராம். 'இந்த நிழல் கணக்கு எனக்கு அப்போதே கிடைத்திருக்கக் கூடாதா' என்று எழுதியிருந்தார். தன் பயணக் குறிப்புகள் உள்ள பக்கத்தில் என் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார். நான் கேட்காமல் கிடைத்த ஒரே லிங்க். அதன் வழியாக மெதுவாக ஆட்கள் வந்தார்கள். ஒரு மாதத்தில் நான்கு பேர் எங்கள் லாட்ஜில் தங்கினார்கள். தேடும்போது மூன்றாம் பக்கத்தில் எங்கள் பெயர் தெரிந்தது.

"மூணாம் பக்கத்த எவன் பாக்கறான்?" என்றார் முதலாளி. ஐப்பசி பிறந்துவிட்டிருந்தது. "ரொம்ப கம்மியா வருது தம்பி. ஜாஸ்தி ஆவறதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணு."

முதலாளியின் மனைவி அப்போது வரவேற்பு மேசையில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சாமி பெயரை லட்சத்தெட்டு தடவை எழுதிக் கோயிலில் கொண்டுபோய் வைப்பதாக வேண்டுதல். எழுதி முடித்த நோட்டுகள் சாவி மாட்டும் பலகைக்குக் கீழே கட்டுக் கட்டாக இருந்தன. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"தம்பி, அந்தப் பொட்டில தேடிக் குடுக்குதே, அது நம்ம பேர எத்தினி தடவ எழுதியிருக்குன்னு பாக்குமா?"

"பாக்கும்மா. அதுவும் பாக்கும்."

"அப்ப எழுது. ஆயிரத்தெட்டு தடவ எழுது. ஆயிரத்தெட்டு தடவ கூப்ட்டா சாமியே திரும்பிப் பாக்குது, ஒரு மிஷினு பாக்காதா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். பக்கத்தின் நிறம் வெள்ளை. எழுத்தையும் வெள்ளையில் போட்டால் படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, தேடும் இயந்திரத்துக்கு மட்டும் தெரியும். அப்படிப் பலர் செய்வதாக எங்கேயோ படித்திருந்தேன். செய்யக்கூடாது என்றும் அதே இடத்தில் படித்திருந்தேன். அந்த இரண்டாவதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

"ஒரு தடவை எழுதி அதையே திருப்பித் திருப்பி ஒட்டிடலாம்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"ஐயே, ஒட்டறதா? நோட்ட ஜெராக்ஸ் போட்டுக் கோயில்ல வச்சா பலன் உண்டா? ஒண்ணொண்ணா கையால அடி. நடுவுல எழுந்திருக்காத."

சிரிக்க வேண்டிய இடம்தான். நான் சிரிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து, லாட்ஜின் புழக்கடை வேப்பமரத்து வெயில் சாய்கிற வரைக்கும் உட்கார்ந்து, 'திருவண்ணாமலை லாட்ஜ்' என்று ஆங்கிலத்தில் ஆயிரத்தெட்டு தடவை அடித்தேன். முதலாளியம்மாள் தன் நோட்டில் எண்ணுவதுபோல நூற்றெட்டுக்கு ஒரு கோடு காகிதத்தில் போட்டுக்கொண்டேன். நிழலைப் பற்றி நான் எழுதிய பக்கத்தின் அடியிலேயே அதைச் சேர்த்தேன், ஏனென்றால் லிங்க் வந்தது அந்தப் பக்கத்துக்குத்தான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம். இரண்டாவது வரி. முதலாளி சந்து முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். கார்த்திகை தீபத்துக்கு மட்டும் இல்லாமல் அதற்கு அடுத்த வாரத்துக்கும் மெயிலில் அறை கேட்டார்கள். "பஸ் ஸ்டாண்டு புரோக்கரு நம்மள தேடிக்கினு வரப்போறான் பாரு" என்றார் முதலாளி. முதலாளியம்மாள் எனக்கு ஒரு புது நோட்டு வாங்கித் தந்தார், நானும் எழுத ஆரம்பிக்கலாம் என்று.

அந்த நாட்களில்தான் அந்த வெளிநாட்டு அம்மாளிடமிருந்து இரண்டாவது மெயில் வந்தது. என் பக்கத்தைத் தன் தோழிக்கு அனுப்புவதற்காக நகலெடுத்தாராம். வேறு இடத்தில் ஒட்டியபோது அடியில் ஒரே இரண்டு சொற்கள் பக்கம் பக்கமாக வந்தனவாம். 'இது உங்கள் ஊரில் செய்யும் பிரார்த்தனையா, அல்லது வேறு ஏதாவதா?' என்று கேட்டிருந்தார்.

நான் அந்த மெயிலைப் பலமுறை திறந்து மூடினேன். பிரார்த்தனைதான் என்று எழுதினால் அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அன்றைக்கே அந்த எழுத்துகளை அழித்திருக்கலாம். அவருக்கு இரண்டு வரி உண்மை எழுதியிருக்கலாம். இரண்டாவது வரியிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை. பதில் போடவில்லை. அடுத்த வாரம் அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். என் பக்கத்துக்கான லிங்க் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்த சில நாளில் நாங்கள் காணாமல் போனோம். இரண்டாம் பக்கத்தில் இல்லை, பத்தாம் பக்கத்தில் இல்லை. லாட்ஜின் பெயரையே முழுசாக அடித்துத் தேடினாலும் அப்படி ஒரு லாட்ஜ் பூமியில் இல்லாத மாதிரி இருந்தது. வெப்சைட் கட்டுகிறவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு இடத்தில் கேட்டேன். 'மறைத்து எழுதியிருக்கிறாயா? அப்படியானால் தேடும் இயந்திரக்காரர்கள் தூக்கி வெளியே போட்டிருப்பார்கள். அழித்துவிட்டு மன்னிப்புக் கடிதம் அனுப்பிக் காத்திரு' என்று ஒருவர் பதில் போட்டார்.

ஒரு பகல் முழுக்க அடித்ததை அழிக்க இரண்டு பொத்தான் போதுமாக இருந்தது. கடிதமும் அனுப்பினேன். யார் படிப்பார்கள், எந்த ஊரில் படிப்பார்கள், எத்தனை நாளாகும், எதுவும் தெரியாது. நேரில் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. தாலுகா ஆபீசாக இருந்தால் மரத்தடியிலாவது உட்கார்ந்திருக்கலாம்.

முதலாளி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாந்தான் ஜாஸ்தி ஆசப்பட்டேன்" என்று மட்டும் சொன்னார். செய்யக்கூடாது என்று நான் படித்திருந்ததை அப்போதும் அவரிடம் சொல்லவில்லை. முதலாளியம்மாள்தான் கேட்டார்.

"நடுவுல எழுந்திருச்சியா தம்பி?"

"நாலாம் நம்பர் ரூமுக்கு சாவி கேட்டாங்கம்மா. குடுத்துட்டு வந்தேன்."

"அதான்" என்றார். கோபம் இல்லை. வேறு எப்படி நடந்திருக்கும் என்பதுபோல நோட்டைத் திருப்பினார். என் படிப்புக்கும் அவருடைய நோட்டுக்கும் அன்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் மண்டியிலிருந்து அப்பா நேராக லாட்ஜுக்கு வந்தார். தோளில் உமித் தூசி. படிக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"மண்டில கேக்கறானுங்கடா. ஒருவாட்டி காட்டேன், எங்க வருதுன்னு."

காலையில்தான் பார்த்திருந்தேன், வரவில்லை. இருந்தாலும் அப்பாவின் முன்னால் மறுபடியும் அடித்துத் தேடினேன். திரை முழுக்க எழுத்துகள் வந்தன. எல்லாம் மற்ற லாட்ஜுகள்.

"இதுல எது உன்னுது?"

மேலேயிருந்து இரண்டாவது வரியில் விரலை வைத்தேன். "இதாம்பா."

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அந்த வரியைத் தொட்டார். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் விரலை மெதுவாக நகர்த்தினார். "நீளமா எழுதியிருக்கிற" என்றார். பிறகு, "காயிதத்துல எடுத்துத் தர்றியா? காட்டணும்" என்று கேட்டார். எடுத்துத் தந்தேன். சுருட்டினால் மடிப்பு விழும் என்று இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடியே சந்தில் நடந்து போனார்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், வேறு சந்துகளுக்கு. மாசி முடிவதற்கு முன்பே முதலாளி லாட்ஜை லீசுக்கு விட்டார். எடுத்துக்கொண்டவர் என் மேசையை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் செருப்பு ஸ்டாண்டு போட்டார். போன் லைன் எந்த நேரமும் காலியாக இருந்தது.

சம்பளம் வாங்காமல் எத்தனை நாள் வீட்டில் இருக்க முடியும்? சித்திரையில் நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். கிளம்பும் முன் வீட்டில் சட்டை, துணி எடுக்கும்போது தகரப் பெட்டியில் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்தேன். உள்ளே அந்தக் காகிதம் இருந்தது. இரண்டாவது வரிக்குக் கீழே, யாரிடமோ பேனா கேட்டு வாங்கி, கோணலாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார் அப்பா. அந்த யாரோ அதை அவருக்குப் படித்துக் காட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கவரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.